டிஸ்ப்ளே வரவில்லையா? ரேம் வாங்க மலை இறங்கும் முன்

பவர் பட்டனை அழுத்தினால் ஃபேன் சுற்றுகிறது, கீபோர்டில் லைட் எரிகிறது, மானிட்டர் மட்டும் ‘நோ சிக்னல்’ காட்டிவிட்டு அணைந்துபோகிறது. இல்லையென்றால், நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே நீலத் திரை வந்து தானாக ரீஸ்டார்ட் ஆகிறது. பாகம் பாகமாக வாங்கி வீட்டிலேயே அசெம்பிள் செய்த கம்ப்யூட்டரில் இப்படி ஏதாவது வந்தால், பக்கத்தில் இருப்பவர் யாராவது உடனே சொல்லிவிடுவார்: “ரேம் போயிருக்கும்ங்க.” ரேம் என்பது, ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்களின் டேட்டாவைத் தற்காலிகமாக வைத்திருக்கும் மெமரி.

கோவையில் இருப்பவர் தெரிந்த கடையில் ரேம் ஒன்றை இரவல் வாங்கிப் போட்டுப் பார்த்துக்கொள்வார். நீலகிரி மலையில் கோத்தகிரியிலோ குந்தாவிலோ இருப்பவருக்கு அந்த வசதி கிடையாது. ஒருநாள் லீவு போட்டு, பஸ் ஏறி, மலை இறங்கி, ரேம் வாங்கி வந்து மாட்டிய பிறகும் டிஸ்ப்ளே வரவில்லை என்றால் அந்தக் கோபத்தை யார் மீது காட்டுவது? ‘ரேம் போச்சு’ என்று சொல்லப்படுபவற்றில் ரேம் உண்மையிலேயே செத்துப்போனது குறைவுதான். சரியாக உட்காராமல் இருக்கும், காண்டாக்டில் (ஸ்லாட்டைத் தொடும் தங்க நிறக் கால்களில்) அழுக்கு படிந்திருக்கும், பயாஸில் (ஆன் செய்ததும் முதலில் ஓடும், போர்டிலேயே உள்ள புரோகிராம்) ரேமின் வேகத்தைக் கூட்டி வைத்திருப்பார்கள், மதர்போர்டில் ரேம் மாட்டும் ஸ்லாட்டில் கோளாறு இருக்கும், சில சமயம் எல்லாப் பாகத்துக்கும் கரண்ட் தரும் எஸ்எம்பிஎஸ்ஸே காரணமாக இருக்கும். எது என்று தெரியும்வரை பர்ஸைத் திறக்க வேண்டாம்.

தேவையானவை: ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், காலியான பென் டிரைவ், டார்ச்சுக்கும் போட்டோவுக்கும் போன், எழுதி வைக்க ஒரு நோட்டு. நோட்டு எதற்கு என்று போகப் போகத் தெரியும்.

முதலில் அறிகுறியைப் பாருங்கள்

டிஸ்ப்ளேயே வராத மெஷினில் மதர்போர்டின் ஓரத்தைக் கவனியுங்கள். கடந்த சில வருடங்களில் வந்த பல போர்டுகளில் சிபியு, டிராம், விஜிஏ, பூட் என்று நான்கு குட்டி லைட்டுகள் இருக்கும். ஆன் செய்ததும் வரிசையாக எரிந்து அணையும். டிராம் லைட்டிலேயே நின்றுவிட்டால் ரேம் பக்கம்தான் தகராறு. விஜிஏ லைட்டில் நின்றால் இந்தக் கட்டுரையைத் தற்காலிகமாக மூடிவிட்டு கிராஃபிக்ஸ் கார்டையும் மானிட்டர் கேபிளையும் பாருங்கள். பழைய போர்டுகளில் லைட்டுக்குப் பதிலாக பீப் சத்தம் வரும். எத்தனை பீப்புக்கு என்ன அர்த்தம் என்பது பயாஸுக்கு பயாஸ் மாறும் என்பதால் போர்டின் மேனுவலில்தான் பார்க்க வேண்டும்.

புதிதாக டிடிஆர்5 (ரேமின் புதிய தலைமுறை) மெஷின் கட்டியவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. முதல் முறை ஆன் செய்யும்போது போர்டு ரேமுடன் பேசிப் பழகி, சிக்னல் நேரங்களைத் தானாகச் சரிசெய்துகொள்ளும். ‘மெமரி ட்ரெய்னிங்’ என்பார்கள். அது முடிய சில நிமிடங்கள் ஆகலாம். அதுவரை திரை கறுப்பாகத்தான் இருக்கும், டிராம் லைட்டும் எரியும். பயந்துபோய் நடுவில் ஆஃப் செய்தால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். ஆன் செய்துவிட்டு ஒரு டீ குடித்து வாருங்கள். கால் மணி நேரம் கழித்தும் அப்படியே இருந்தால் அப்புறம் கவலைப்படலாம்.

விண்டோஸ் வரை வந்து தகராறு செய்யும் மெஷின் வேறு ரகம். நீலத் திரையில் ‘மெமரி மேனேஜ்மென்ட்’ அல்லது ‘பேஜ் ஃபால்ட்’ என்று வருவது, ஜிப் ஃபைல் பிரிக்கும்போது பிழை காட்டுவது, பிரவுசர் டேப் தானாக விழுவது, விண்டோஸ் இன்ஸ்டால் ஒருமுறை 30 சதவீதத்திலும் அடுத்த முறை 70 சதவீதத்திலும் நிற்பது, இதெல்லாம் ரேமைச் சந்தேகிக்க வைப்பவை. நான் வைத்திருக்கும் கணக்கு இது: தினமும் அதே புரோகிராம், அதே இடத்தில் விழுந்தால் சாஃப்ட்வேர். இன்று இங்கே, நாளை அங்கே என்று இடம் மாறி மாறி விழுந்தால் ஹார்டுவேர். எப்போதும் பொருந்தாது, ஆனாலும் பெரும்பாலும் கைகொடுக்கும்.

இந்த இரண்டாம் ரகத்தில் யாரும் சொல்லாத ஆபத்து ஒன்று உண்டு. கெட்ட ரேம் வழியாகப் போகும் எந்த ஃபைலும் வழியிலேயே கெட்டுப்போகலாம். “மெஷின் மக்கர் பண்ணுது, போட்டோவை எல்லாம் வேற டிஸ்குக்கு காப்பி பண்ணிடலாம்” என்று தோன்றும். அதை இப்போது செய்யாதீர்கள். முக்கியமான டேட்டா உள்ள ஹார்டு டிஸ்கின் கேபிளைக் கழற்றி வைத்துவிட்டு, ரேமைச் சரிசெய்த பிறகு காப்பி எடுங்கள்.

கேபினட்டைத் திறக்கும் முன்

சுவிட்சை ஆஃப் செய்து, பவர் கேபிளை முழுவதும் உருவிவிடுங்கள். பிறகு பவர் பட்டனைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்தால் மிச்சமிருக்கும் கரண்டும் வடிந்துவிடும்.

கையில் இருக்கும் ஸ்டாட்டிக் மின்சாரம் நம் ஊரில் ஜனவரி, பிப்ரவரியில்தான் பெரிய தலைவலி. பகலில் காற்று வறண்டு கிடக்கும், உடம்பில் கம்பளி ஸ்வெட்டர் இருக்கும். ஸ்வெட்டரைக் கழற்றும்போது பொறி தட்டுவது ஊட்டிக்காரர்களுக்குப் பழக்கம்தான். உங்களுக்கு சுருக்கென்று இருப்பது மெமரி சிப்புக்குச் சாவாகலாம். கம்பளியைக் கழற்றிவிட்டு, பெயின்ட் இல்லாத கேபினட் உலோகத்தைத் தொட்ட பிறகு வேலையை ஆரம்பியுங்கள். நடு நடுவே திரும்பத் தொட்டுக்கொள்ளுங்கள். கார்பெட் மீதும் மெத்தை மீதும் வைத்துச் செய்ய வேண்டாம், மர மேஜை போதும்.

மழைக்காலத்தில் பிரச்சினை நேரெதிர். ஜன்னலைத் திறந்தால் மேகம் வீட்டுக்குள் வந்துபோகும் ஊர் இது. மாதக்கணக்கில் பயன்படுத்தாத கம்ப்யூட்டரைத் தென்மேற்குப் பருவமழை நடுவில் ஆன் செய்வதாக இருந்தால், முதலில் மூடியைத் திறந்து, ஈரமில்லாத அறையில் சில மணி நேரம் காற்றாட வையுங்கள். ஹேர் டிரையரால் சூடு காட்ட வேண்டாம். இன்னொன்று பலருக்குத் தோன்றுவதில்லை. குளிர்ந்த பொருள் சூடான ஈரக் காற்றில் படும்போதுதான் அதன் மேல் நீர் கோர்க்கும். ஆகவே கீழேயிருந்து மேலே கொண்டுவரும் மெஷினைவிட, ஊட்டியிலிருந்து கீழே மேட்டுப்பாளையத்துக்கோ கோவைக்கோ எடுத்துப்போகும் மெஷினுக்குத்தான் வியர்க்கும். சர்வீஸ் கடையில் இறக்கியதும் “உடனே ஆன் பண்ணிப் பாருங்க” என்று அவசரப்படுத்தாதீர்கள். அறைச் சூட்டுக்கு வரட்டும்.

கழற்றி மாட்டுவது

எதையும் தொடும் முன் போட்டோ எடுங்கள். எந்த ஸ்டிக் (ரேம் பட்டை) எந்த ஸ்லாட்டில் இருந்தது என்பது பத்து நிமிடம் கழித்து ஞாபகம் இருக்காது.

ஸ்லாட்டின் முனையில் இருக்கும் கிளிப்பைக் கீழ்நோக்கித் தள்ளினால் ஸ்டிக் மேலே எழும்பும். சில போர்டுகளில் இரண்டு முனையிலும் கிளிப் இருக்கும், சிலவற்றில் ஒருபக்கம் மட்டும். தங்க நிறக் கால்களைத் தொடாமல் ஓரங்களைப் பிடித்துத் தூக்குங்கள். டார்ச் அடித்து ஸ்லாட்டுக்குள் பாருங்கள்: தூசி, கம்பளி நூல், பூச்சியின் கால். இதில் ஏதாவது ஒன்றைப் பார்க்காமல் இருந்தால் ஆச்சரியம். கைப்பம்ப் ப்ளோயரால் ஊதுங்கள். வாயால் ஊதினால் எச்சிலும் சேர்ந்து போகும்.

கால்களைத் துடைக்க ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நல்லது. நூல் உதிராத துணியில் தொட்டு, மென்மையாக ஒரே திசையில் துடைத்து, முழுவதும் காய்ந்த பிறகு மாட்டுங்கள். கடைகளில் பென்சில் ரப்பரால் தேய்ப்பார்கள். பலன் கிடைப்பது உண்மைதான், ஆனால் அந்தத் தங்கப்பூச்சு மிக மெல்லியது. ஒருமுறை, அதுவும் லேசாக என்றால் பரவாயில்லை. மாதாமாதம் தேய்த்தால் பூச்சு போய், அடியில் உள்ள உலோகம் ஈரத்தில் கறுக்க ஆரம்பிக்கும். நம் வீடுகளில் எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் நீலகிரித் தைலம் மட்டும் வேண்டவே வேண்டாம். ஸ்டிக்கர் பசையைக் கரைக்க அதைவிட நல்லது இல்லை என்பது சரி. ஆனால் காண்டாக்ட் மேல் எண்ணெய்ப் பசையை விட்டுவைக்கும், சில பிளாஸ்டிக்குகளையும் அரிக்கும்.

திரும்ப மாட்டும்போது, ஸ்டிக்கின் அடியில் உள்ள வெட்டு ஸ்லாட்டில் உள்ள மேட்டோடு பொருந்துகிறதா பாருங்கள். பொருந்தவில்லை என்றால் திருப்பிப் பிடித்திருக்கிறீர்கள், அல்லது அது வேறு தலைமுறை ரேம். டிடிஆர்3-க்கு 240 கால்கள். டிடிஆர்4-க்கும் டிடிஆர்5-க்கும் 288 தான், ஆனால் வெட்டு இருக்கும் இடம் வேறு, மின்னழுத்தமும் வேறு. ஒரே பிராசஸர் இரண்டு ரகத்தோடும் வேலை செய்யலாம், 2021-ல் வந்த இன்டெல் 12-ஆம் தலைமுறை அப்படித்தான். போர்டு பொதுவாக ஒன்றைத்தான் ஏற்கும். பலத்தைக் காட்டினால் ஸ்லாட் உடையும்.

பொருந்திவிட்டால் பயப்படாமல் அழுத்துங்கள். புதியவர்கள் பெரும்பாலும் தப்பு செய்வது இங்கேதான்: உடைந்துவிடுமோ என்று முக்கால்வாசி அழுத்தி விட்டுவிடுகிறார்கள். இரண்டு கட்டை விரல்களையும் இரண்டு ஓரங்களில் வைத்து நேராக அழுத்தினால் ‘டக்’ என்று கேட்கும், கிளிப் தானாக நிமிர்ந்து பூட்டிக்கொள்ளும். கிளிப் ஒரே பக்கம் உள்ள போர்டில், கிளிப் இல்லாத முனை மேலே தூக்கிக்கொண்டு நிற்பதுண்டு. பக்கவாட்டில் குனிந்து பாருங்கள், தங்கக் கால்கள் வெளியே தெரியக் கூடாது.

பாதிப் பேருக்கு இந்த இடத்திலேயே டிஸ்ப்ளே வந்துவிடும். வந்தால் மூடியை மாட்டிவிட்டு வேலையைப் பாருங்கள்.

ஒரு ஸ்டிக், ஒரு ஸ்லாட்

வரவில்லை என்றால் இப்போது நோட்டை எடுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும்தான் மாற்ற வேண்டும். ஸ்டிக்கையும் ஸ்லாட்டையும் பயாஸையும் ஒன்றாக மாற்றினால், சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது. அடுத்த மாதம் அதே கதை திரும்ப வரும்.

ஸ்டிக்குகளில் சின்ன டேப் ஒட்டி 1, 2 என்று எழுதுங்கள். நான்கு ஸ்லாட் உள்ள போர்டில் பிராசஸர் பக்கத்திலிருந்து எண்ணினால் பொதுவாக ஏ1, ஏ2, பி1, பி2. ஒரே ஒரு ஸ்டிக் என்றால் ஏ2-ல் போட வேண்டும், அதாவது இரண்டாவது ஸ்லாட்டில். இரண்டு என்றால் ஏ2, பி2. முதல் ஸ்லாட்டிலிருந்து வரிசையாகப் போடுவதுதான் இயல்பாகத் தோன்றும், ஆனால் பெரும்பாலான போர்டுகள் அதை விரும்புவதில்லை. மேனுவலில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்டிக் 1-ஐ மட்டும் ஏ2-ல் போட்டு ஆன் செய்யுங்கள். எழுதுங்கள். ஆஃப் செய்து, கேபிளை உருவி, அதே ஸ்லாட்டில் ஸ்டிக் 2. எழுதுங்கள். பிறகு பி2. ஒவ்வொரு மாற்றத்துக்கும் கேபிளை உருவுவது எரிச்சல்தான், இருந்தாலும் செய்யுங்கள். முடிவில் நோட்டில் இப்படி ஏதாவது இருக்கும்:

ஸ்டிக் 1: ஏ2 ஓகே, பி2 டிஸ்ப்ளே இல்லை.
ஸ்டிக் 2: ஏ2 ஓகே, பி2 டிஸ்ப்ளே இல்லை.

இரண்டு ஸ்டிக்குமே நல்லவை, கெட்டது பி2 பக்கம். இதைப் பார்த்த பிறகு யாராவது ரேம் வாங்கக் கோவைக்குக் கிளம்புவார்களா? பி1-லும் அதே கதை என்றால் ஸ்லாட்டைக்கூடக் குறை சொல்ல முடியாது. பி சேனல் (பி1, பி2 இரண்டுக்கும் பொதுவான பாதை) முழுவதும் படுத்திருக்கிறது என்று அர்த்தம். அப்போது பிராசஸர் சாக்கெட்டில் வளைந்த பின் இருக்கலாம், அல்லது கூலரை ஒரு பக்கமாக அதிகம் முறுக்கியிருக்கலாம். மெமரியைக் கட்டுப்படுத்தும் பகுதி இப்போதெல்லாம் பிராசஸருக்குள்ளேயே இருக்கிறது, ரேமின் கம்பிகள் சாக்கெட் வழியாகத்தான் அங்கே போகின்றன. கூலர் ஸ்க்ரூக்களைத் தளர்த்தி, எதிரெதிர் மூலையாக, சமமாக முறுக்கிப் பாருங்கள். வளைந்த பின்னை நிமிர்த்துவதைப் பழக்கமுள்ளவரிடம் விட்டுவிடுங்கள்.

மாறாக, ஸ்டிக் 2 எந்த ஸ்லாட்டிலும் வேலை செய்யாமல், ஸ்டிக் 1 எல்லா இடத்திலும் வேலை செய்தால் விடை தெளிவு.

தனித்தனியாக எல்லாம் ஓகே, சேர்த்துப் போட்டால் மட்டும் தகராறு என்ற நிலையும் உண்டு. பழைய ஸ்டிக்கோடு வேறு பிராண்டில் புதிதாக ஒன்று சேர்த்தவர்களுக்கும், நான்கு ஸ்லாட்டையும் நிரப்பியவர்களுக்கும் இது வரும். அவர்களுக்குத்தான் அடுத்த பகுதி.

பயாஸில் என்ன இருக்கிறது

பெட்டியில் 3200 என்றோ 6000 என்றோ போட்டிருக்கும் வேகம், ரேம் தானாக ஓடும் வேகம் அல்ல. எதுவும் மாற்றாவிட்டால் டிடிஆர்4 பெரும்பாலும் 2133 முதல் 2666 வரையிலும், டிடிஆர்5 பெரும்பாலும் 4800-லும் ஓடும். பெட்டியில் உள்ள வேகம் வேண்டுமானால் பயாஸில் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ என்ற செட்டிங்கை ஆன் செய்ய வேண்டும். முதலாவது இன்டெல் கொண்டுவந்தது, இரண்டாவதை ஏஎம்டி 2022-ல் டிடிஆர்5-க்காகக் கொண்டுவந்தது. இரண்டுமே கணக்கில் ஓவர்கிளாக்தான், அதாவது இயல்பான வேகத்துக்கு மேல் ஓட்டுவது: டிடிஆர்4-க்கு இயல்பான 1.2 வோல்ட் பெரும்பாலும் 1.35 ஆகும். எல்லாப் பிராசஸரும் எல்லாப் போர்டும் அதைத் தாங்கும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

எனவே நீலத் திரை வரும் மெஷினில் எக்ஸ்எம்பியை ஆஃப் செய்து இரண்டு நாள் ஓட்டிப் பாருங்கள். பிரச்சினை நின்றுவிட்டால் ஸ்டிக் கெடவில்லை. பயாஸை அப்டேட் செய்யலாம், அல்லது வேகத்தை ஒரு படி குறைத்து வைக்கலாம். 3200-க்குப் பதில் 3000-ல் ஓடினால் தினசரி வேலையில் உங்களுக்கு வித்தியாசமே தெரியாது. பயாஸ் அப்டேட் நடக்கும்போது கரண்ட் போனால் போர்டே படுத்துவிடலாம். காற்று மழையில் மரம் விழுந்து லைன் அறுவது நமக்குச் சாதாரணம், ஆகவே யுபிஎஸ் இல்லாமல் அந்த வேலையைத் தொடாதீர்கள்.

பயாஸுக்குள்ளேயே போக முடியவில்லை என்றால், கேபிளை உருவிவிட்டு, போர்டில் உள்ள சிஆர்2032 காசு பேட்டரியை ஐந்து நிமிடம் கழற்றி வைத்து மாட்டுங்கள். எல்லா செட்டிங்கும் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். அந்த பேட்டரி வீக்காக இருந்தால், ஒவ்வொரு கரண்ட் கட்டுக்குப் பிறகும் தேதி மாறி நிற்கும். அதை மாற்ற ஆகும் செலவு கொஞ்சம்தான்.

ராத்திரி முழுக்க டெஸ்ட்

விண்டோஸிலேயே ஒரு டெஸ்ட் உண்டு. ஸ்டார்ட் மெனுவில் ‘மெமரி’ என்று டைப் செய்தால் ‘விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக்’ வரும். அது பிழை காட்டினால் நம்பலாம், பிழை இல்லை என்றால் அவ்வளவு நம்ப வேண்டாம். உறுதியான பதில் வேண்டுமானால் மெம்டெஸ்ட்86 அல்லது மெம்டெஸ்ட்86 பிளஸ். பெயர் ஒன்று போலிருந்தாலும் இரண்டும் தனித்தனி, இரண்டும் இலவசமாகக் கிடைக்கின்றன. வேறு நல்ல கம்ப்யூட்டரில் பென் டிரைவில் ஏற்றிக்கொள்ளுங்கள். அதில் இருக்கும் ஃபைல்கள் அழிந்துவிடும் என்பதால்தான் முதலிலேயே காலி பென் டிரைவ் கேட்டேன். அதிலிருந்து பூட் செய்து, படுக்கப் போகும்போது ஓடவிட்டு, காலையில் பாருங்கள். இலவச மெம்டெஸ்ட்86 நான்கு சுற்று ஓடி நிற்கும்.

ஒரு பிழை வந்தாலும் பிழைதான். “ஒண்ணுதானே” என்று விடக் கூடாது. எக்ஸ்எம்பி ஆஃப் செய்துவிட்டு, ஸ்டிக்குகளைத் தனித்தனியாகப் போட்டு மறுபடி ஓட்டினால் குற்றவாளி பிடிபடும்.

விண்வெளிக் கதிர் ஒன்று மெமரியில் ஒரு பிட்டைப் புரட்டிவிடும் (0-வை 1 ஆக்கிவிடும், அல்லது 1-ஐ 0 ஆக்கிவிடும்) என்று படித்தவர்கள் கேட்பார்கள். உண்மைதான், உயரம் கூடக் கூட அதற்கான வாய்ப்பும் கூடும். சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் அந்தக் கதிர்களை ஆராய டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் ஆய்வுக்கூடமே நடத்துகிறது. ஆனால் அப்படிப் புரளும் பிட் ஒரு தடவை நடந்துவிட்டுப் போவது. மெம்டெஸ்ட் இரண்டாம் சுற்றிலும் அதே முகவரியில் சிவப்புக் கோடு காட்டினால், கோளாறு மேலேயிருந்து வரவில்லை, ஸ்டிக்கில்தான் இருக்கிறது.

ரேம் மேல் விழும் வீண்பழி

கோத்தகிரி பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடை மெஷின். டிசம்பர் வந்தால் காலையில் முதல் தடவை ஆன் செய்ததும் டிஸ்ப்ளே வராது. நாலைந்து தடவை ஆஃப், ஆன் செய்தால் வந்துவிடும், அப்புறம் ராத்திரி வரை ஒரு குறையும் இல்லை. கடைக்காரர் இரண்டு முறை ரேம் மாற்றியிருந்தார். உண்மையில் கோளாறு பழைய எஸ்எம்பிஎஸ்ஸில். வயதான எலக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டர்கள் குளிரில் இன்னும் மந்தமாகும், ஆன் ஆகும் நொடியில் தேவையான கரண்டைச் சீராகத் தராது. கொஞ்சம் சூடேறியதும் சமாளித்துக்கொள்ளும். எஸ்எம்பிஎஸ் மாற்றியதோடு சரியாகிவிட்டது. குளிர்ந்த காலையில் மட்டும் அடம்பிடிக்கும் மெஷினில் முதல் சந்தேகம் அங்கே போகட்டும்.

ரேம் குறைவாகக் காட்டுவதும் எப்போதும் கோளாறு அல்ல. 16 ஜிபி போட்டு 13.9 பயன்படுத்தலாம் என்று காட்டினால், பிராசஸருக்குள் இருக்கும் கிராஃபிக்ஸ் தன் பங்கை எடுத்துக்கொண்டிருக்கிறது. 8 போட்டு 4-க்குள் மட்டும் பயன்படுகிறது என்றால் 32-பிட் விண்டோஸ் ஏற்றியிருக்கிறீர்களா என்று பாருங்கள். சரியாகப் பாதி காட்டினால் மட்டும் மறுபடி ஸ்லாட் பக்கம் போங்கள்.

ஸ்டிக்தான் கெட்டது என்று உறுதியான பிறகு

பில்லைத் தேடுங்கள். ரேமுக்குப் பல கம்பெனிகள் நீண்ட வாரண்டி தருகின்றன, சில ஆயுள் முழுவதற்கும். ஸ்டிக்கில் ஒட்டியிருக்கும் சீரியல் நம்பர் ஸ்டிக்கரை உரிக்காதீர்கள். மெம்டெஸ்ட் பிழைத் திரையைப் போட்டோ எடுத்து அனுப்பினால் வாக்குவாதம் குறையும். ஜோடியாக வாங்கியது என்றால் இரண்டையும் திருப்பிக் கேட்பார்கள். ஸ்டாட்டிக் தடுக்கும் பையில் போட்டு, அட்டைப் பெட்டியில் அனுப்புங்கள். அது வரும்வரை நல்ல ஸ்டிக் ஒன்றை மட்டும் போட்டு ஓட்டலாம்.

செகண்ட் ஹேண்ட் வாங்குவதாக இருந்தால், உங்கள் மெம்டெஸ்ட் பென் டிரைவைக் கையோடு கொண்டுபோய்க் கடையிலேயே ஒரு சுற்றாவது ஓட்டச் சொல்லுங்கள். நல்ல கடைக்காரர் மறுக்கமாட்டார். புதிதோ, வாரண்டியில் மாறி வந்ததோ, எதுவானாலும் மாட்டிய அன்று இரவு முழுவதும் டெஸ்ட் ஓடட்டும். காலையில் பிழை பூஜ்யம் என்று பார்த்த பிறகு, கழற்றி வைத்த ஹார்டு டிஸ்கின் கேபிளை மாட்டுங்கள்.